சார்பும் தன்னையறிதலும்

ஆன்மா தான் சார்ந்த பொருளின் வண்ணமாய் நிற்கும் இயல்புடைத்து என்பது சைவசித்தாந்தத் துணிபு. செம்மலரை அடுத்த பளிங்கு செம்மையும், நீலத்தை அடுத்த பளிங்கு நீலமும் காட்டுதல் போல்வது அது. இவ்வியல்பு எப்பருவத்தினும் உளதாயினும், பிள்ளைமை நீங்கி முதிர்ச்சி எய்தாத இளம்பருவத்தே மிக்கு விளங்கும். ‘யான் இன்னேன்’ என்னும் எண்ணம் உருக்கொள்வது அப்பருவத்தேயாகலின் என்க. இக்காலத்து இளையோர் பெரிதும் சார்ந்து நிற்பது கைப்பேசிவழி வரும் இணையத்தை. அச்சார்பு அவரை யாதாக்கும் என்பது ஆராயற்பாலது.

திருவண்ணாமலையில் இரமணாசிரமம் அமைந்த பகுதி இவ்வாராய்ச்சிக்குத் தக்கதோர் இடமாம். 1879-இல் திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன், 1896 ஜூலையில், பதினாறாம் வயதில், மதுரையில் தம் சிறிய தந்தையார் வீட்டு மேன்மாடத்தே தனித்திருந்துழி மரண பயம் எய்தினார்; உடல் மாய்ந்தவிடத்தும் மாயாது நிற்கும் ‘நான்’ யாது என உள்நோக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் அண்ணாமலையை அடைந்தார். அவரே இரமண மகரிஷி. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை வினாவியவற்றிற்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் ‘நான் யார்?’ என்னும் நூலாயின.

அவரும் சார்பின்றி நின்றாரல்லர். உறவினர் ஒருவர்பாற் கேட்ட அருணாசலம் என்னும் பெயரும், கற்ற பெரியபுராணமும் அவருள்ளத்தை முன்னரே பண்படுத்தின. ஆயினும் நூல், கற்றானைப் பின்னர்த் தனியே விடும். அத்தனிமையிற் கற்றது உள்ளே முதிரும். இணையமோ தனியே விடாது. இளைஞன் எக்காட்சியில் எத்துணைப் பொழுது நின்றான் என்பதைக் குறித்துக்கொண்டு, அதனை ஒத்தவற்றையே மேன்மேலும் கொணர்ந்து நிறுத்தும். ஆசிரியன் மாணாக்கனுக்கு வேண்டுவதைத் தருவான். இக்கருவி அவன் முன்னர் விரும்பியதையே பெருக்கித் தரும். ஆகவே அவன் சார்வது பிறரையன்று, தன் விழைவையே.

இன்று கிரிவலம் வரும் இளைஞன் ஒருவன் மலைக்குப் புறங்காட்டி நின்று தன் படத்தைத் தானே எடுக்கின்றான். அதனை இணையத்தில் இட்டு, எத்தனை பேர் விருப்பக்குறி இட்டனர் என எண்ணிக்கொண்டே நடக்கின்றான். ‘யான் யார்’ என எழற்பாலதாய வினா, ‘யான் எவ்வாறு தோன்றுகின்றேன்’ எனத் திரிந்துவிடுகின்றது.

அற்றேல், இணையம் முற்றும் விலக்கற்பாலதோ எனின், அன்று. தேவாரப் பண்களை ஓதுவார் குரலில் அயல்நாட்டுச் சிறுவன் கேட்பதும், சிற்றூரில் துணையின்றி வருந்தும் மாணவன் தன் போல்வாரைக் கண்டு தேறுவதும் இதனாலேயே கூடுகின்றன. சார்பு தீதன்று, இன்னதைச் சார்ந்தேன் என்று அறியாமையே தீது.

ஆஸ்திரேலிய நாடு 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயது நிரம்பாதார் சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுத்துளது. இத்தகைய சட்டம் வேலியாம். வேலி பயிரை வளர்க்கமாட்டாது. நாள்தோறும் சிறிதுபொழுது கைப்பேசியை வேறிடத்து வைத்துத் தனித்திருக்கும் பழக்கத்தைப் பெற்றோர் முதற்கண் தாம் மேற்கொண்டு, பின் மக்கட்குக் காட்டுதல் வேண்டும். அடுத்த பூவை அகற்றியவழியே பளிங்கின் தன்னிறம் புலனாம். அதனை ஒருகால் கண்ட இளைஞன், பின் எதனைச் சாரினும் தன்னை இழவான். சாரத்தக்கது திருவருளே என்பதையும் காலத்தில் உணர்வான்.