அயலான் வாங்கும் சீட்டு

ஒருவனுடைய நேர்மையை அவன் பிறந்த ஊரில் வைத்து அளத்தல் எளிதன்று. அங்கே உறவினர் கண், அண்டை வீட்டார் கண், கடன் கொடுத்தவர் கண் என அவனைச் சூழப் பல கண்கள் உள்ளன. நல்லவனாக இருக்கிறானா, நல்லவனாக இருக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறானா என்பது அவனுக்கே தெரியாமல் போகலாம். இக்கண்கள் எவையும் இல்லாத அயல்நகரில் அவன் இறங்கியதும் செய்ய நேரும் முதற் செயல்களுள் ஒன்று, பேருந்திலோ படகிலோ சீட்டு வாங்குதல். சில காசுகளோடு முடியும் செயல்தான். ஆயினும் அறம் பற்றிய பழைய வினா ஒன்று அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் ரேபிட் பினாங்கு பேருந்துகள் 2007ஆம் ஆண்டு ஓடத் தொடங்கின. அவற்றில் நடத்துநர் இல்லை. முன்வாயில் வழியே ஏறும் பயணி, தான் போகுமிடத்தை ஓட்டுநரிடம் சொல்வான். தொலைவுக்கேற்ற கட்டணத்தை ஓட்டுநர் சொல்வார். பயணி அதனைப் பெட்டியில் இட்டுச் சீட்டைப் பெறுவான். சரியான சில்லறை இல்லாமல் பெரிய தாளை இட்டால் மீதி திரும்பி வாராது. அட்டை வழியே கட்டணம் செலுத்துதல் பின்னர்ப் பரவினாலும், காசு கொடுத்தோர்க்குப் பல ஆண்டுகள் வழங்கிய முறை இதுவே.

இதற்கு முன்னைய காலம் வேறு வகையினது. அந்நகர வீதிகளில் மின்சாரத்தால் இயங்கிய டிராம்கள் 1936 வரையிலும், மேற்கம்பி வழி மின்சாரம் பெற்ற டிராலிப் பேருந்துகள் 1961 வரையிலும் ஓடின. பின்னர்த் தனியார் பேருந்துகள் நிறத்தால் அறியப்பட்டன: ஆயர் ஈத்தாம் செல்வது பச்சை, பத்து பெரிங்கி செல்வது நீலம், பாலிக் பூலாவ் செல்வது மஞ்சள். எழுத்தறியா மூதாட்டியும் மொழியறியா விருந்தினனும் நிறத்தைப் பார்த்தே ஏறலாம். அயலான்மீது இத்துணைப் பரிவு காட்டிய ஏற்பாட்டை இக்கால வரைபடங்கள் எவையும் விஞ்சிவிடவில்லை. அப்பேருந்துகளில் நடத்துநர் இருந்தார். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்பதை அவர் நினைவில் கொண்டிருந்தார். அவர் கண் இருந்தவரை பயணியின் சொல்லுக்குப் பெரிய சோதனை எழவில்லை.

நடத்துநர் மறைந்தபின் பயணியின் சொல் தனித்து நின்றது. அருகிலுள்ள நிறுத்தம் ஒன்றைச் சொல்லிக் குறைந்த கட்டணம் கொடுத்துவிட்டுத் தொலைவில் இறங்குபவனை, கூட்டம் நிறைந்த பேருந்தில் சாலையைப் பார்த்து வண்டி ஓட்டுபவர் எங்ஙனம் கண்டுபிடிப்பார்? உள்ளூரான் அவ்வாறு செய்தால் நாளை அதே ஓட்டுநரின் முகத்தில் விழிக்க வேண்டும். அயலானுக்கு அந்த நாளை இல்லை. மறுநாள் அவன் வானூர்தியில் பறந்துவிடுவான்.

பிளேட்டோவின் 'குடியரசு' என்னும் நூலில், அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் மோதிரம் ஒன்றின் கதை வருகிறது. அம்மோதிரம் கிடைத்தபின்னும் ஒருவன் நீதி வழுவாமல் நிற்பானா என்பதே அங்கு எழுப்பப்படும் வினா. அயல்நகரம் ஒவ்வொரு பயணிக்கும் அம்மோதிரத்தைச் சில நாள்களுக்கு இரவல் தருகிறது. திருக்குறளில் கள்ளாமை அதிகாரத்தை அடுத்து வாய்மை அதிகாரம் நிற்பதும் எண்ணத்தக்கது. வேறிடங்களில் பொய் ஒரு குற்றம், களவு வேறொரு குற்றம். நடத்துநர் இல்லாத பேருந்தில் இரண்டும் ஒரே சொல்லில் நிகழ்ந்துவிடுகின்றன.

பிடிபட்டால் மானம் போகும் என்று அஞ்சி உண்மை சொல்பவன் அச்சத்துக்கே கட்டணம் செலுத்துகிறான். தன் நாட்டின் பெயர் கெடக்கூடாது என்பதற்காக உண்மை சொல்பவன் சற்று மேலானவன். ஆனால் அவனும் ஊர்க் கண்களை உடன்கொண்டு வந்தவனே. இவ்விரண்டையும் விட உறுதியான காரணம் ஒன்று உண்டு. ஓட்டுநர் அவன் யாரென்று கேட்கவில்லை. சான்று எதுவும் கேட்கவில்லை. "எங்கே?" என்று மட்டுமே கேட்டார்; அவன் சொன்னதை நம்பினார். முன்பின் அறியாதவனின் வாய்ச்சொல்லை விலையாக மாற்றிக்கொள்ளும் அந்த நம்பிக்கையில் அவனைத் தன்னோடு ஒத்த மனிதனாக மதிக்கும் மதிப்பு அடங்கியிருக்கிறது. பொய் சொல்பவன் சில காசைத் திருடுவதோடு அம்மதிப்பையும் மறுத்துவிடுகிறான்.

கடமை ஒருபக்கத்தது மட்டும் அன்று. நகரமும் அயலானுக்கு நீதி செய்ய வேண்டும். 2 வெள்ளிக் கட்டணத்துக்கு 5 வெள்ளித் தாளை இட்டவன் 3 வெள்ளியை இழக்கிறான். விதி எல்லார்க்கும் பொதுதான். ஆனால் அதன் சுமை, அவ்வூர்ச் சில்லறையை இன்னும் கையில் காணாத அயலான் மீதே மிகுதியாக விழுகிறது. சட்டத்தின் பார்வையில் இது குற்றம் ஆகாது. ஆயினும் அறியாமைக்கு விலை வாங்குவதில் நயமில்லை.

கொடிமலை இரயில் வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. 1923இல் ஓடத் தொடங்கிய அந்த மலை இரயிலில் மலேசியக் குடிமக்களுக்கு ஒரு கட்டணம். வெளிநாட்டவர்க்கு அதனினும் இரு மடங்குக்கு மேல். தமிழ்நாட்டிலிருந்து செல்பவர் சிலர் இதனைக் கண்டு முகம் சுளிப்பர். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் நுழைவுச்சீட்டை அவர்கள் நினைந்து பார்த்தல் நன்று. அங்கே இந்தியர் செலுத்துவதைப் போலப் பன்மடங்கு வெளிநாட்டவர் செலுத்துகின்றனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய முன்னோரின் வழித்தோன்றலாகிய பினாங்குத் தமிழர், பல்லவர் எழுப்பிய கோயிலுக்குள் வெளிநாட்டவராகவே சீட்டு வாங்க வேண்டும்.

உள்ளூரார் வரி செலுத்தி அவ்விடங்களைக் காக்கின்றனர் என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆதலின் வேறுபட்ட கட்டணம் தன்னளவில் அநீதி ஆகாது. அது பலகையில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். விருப்பம்போல் போகவோ விடுக்கவோ இயல்கின்ற இடமாகவும் இருக்க வேண்டும். மலைக் காட்சி அத்தகையது. அன்றாடப் பேருந்து அத்தகையது அன்று. முழுக் கட்டணம் செலுத்தும் பயணியிடம் பினாங்குப் பேருந்து குடியுரிமையை வினவாமல் தொலைவை மட்டும் வினவியது செம்மையான முறை. சீட்டு விற்றவர் அதற்குக் கட்டுப்படவும் வேண்டும். 1893இல் முதல் வகுப்புச் சீட்டோடு பயணம் செய்த காந்தியடிகளைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிட்ட இரயில்வே, அவரிடம் பணம் பெற்றுக்கொண்டு தன் வாக்கை மீறியது.

பினாங்கில் இவ்வினா தமிழர்க்கு இன்னும் ஆழமான பொருள் உடையது. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடிய பெரிய படகுகளில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. தீவுக்கு வரும்போது மட்டுமே கட்டணம். திரும்பும்போது எதுவும் கொடுக்க வேண்டுவதில்லை. 1985இல் திறக்கப்பட்ட பாலத்திலும் தீவுக்கு வரும் வண்டிகளிடம் மட்டுமே சுங்கம் பெறும் முறை அமைந்தது. வந்தவர் திரும்பிச் செல்வார் என்று கொண்ட கணக்கு இது. இதே கடலின் வழியே ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்க்குக் கணக்கு தலைகீழாக இருந்தது. கப்பலேறும்போது அவர்களிடம் எவரும் காசு கேட்கவில்லை. சீட்டை வேறொருவர் வாங்கினார். அதன் விலை பெயருக்கு எதிரே கடனாக எழுதப்பட்டது. தோட்டத்துக் கூலியில் அது கழிக்கப்பட்டது. 'எங்கே?' என்று அவர்களை வினவியவரும் இல்லை. போகுமிடம் முன்னரே முடிவாகியிருந்தது.

அவ்வொப்பந்த முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதும், குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் செலவு தருவதும் அதன்பின்னும் நீடித்தன. உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்பாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலாக் கப்பலில் தம் சொந்தக் காசில் மேல்தளச் சீட்டு வாங்கிச் சென்று மீண்டவர்களும் இருந்தனர். தம் பணத்தில், தாம் சொன்ன ஊருக்கு, தம் பெயரில் சீட்டு வாங்கியவர்கள் அவர்கள். அச்சீட்டின் அருமையை அவர்களுடைய பாட்டன்மார் நன்கு அறிந்திருப்பர்.