காணாமல் வாங்கிய பெருநாள் துணி

பெருநாள் துணியைக் கடைக்குச் செல்லாமல் கைபேசி வழியே வாங்குவது கூடுமா என வினவுகின்றனர். காணாத பொருளை வாங்கியவர், கண்டபின் வேண்டாமெனில் திருப்பித் தரலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. அவ்வுரிமைக்கு ‘கியாருர் ருஃயத்’ என்று பெயர். ஷாஃபிஈ நூல்கள் இத்துணைத் தாராளம் காட்டுவதில்லை. ஆயினும், தன்மைகளை விவரித்து விலையை முன்னரே தரும் ‘ஸலம்’ வாணிபத்துக்கு அவற்றிலும் இடமுண்டு.

வாங்கும் முறை பற்றி நமக்குக் கவலையில்லை. விலைச்சீட்டைக் கழற்றாமலே உடுத்திப் பெருநாள் தொழுகைக்குச் சென்றுவிட்டு, மறுநாள் ‘அளவு பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்புகிறார்களே, அதுதான் நெஞ்சை உறுத்துகிறது. அளவு பார்க்க அணிவதை நாம் சொல்லவில்லை. தனதாக்கிப் பயன்படுத்தியதும் அவ்வுரிமை அற்றுப்போகும் என அந்த ஹனஃபி நூல்களே கூறுகின்றன. தெருமுனை ஜவுளிக்கடைக்காரரிடம் இவ்வாறு செய்ய நாணுவோம். அவர் நம் முகமறிந்தவர். முகமறியா வணிகரின் பொருள் மட்டும் ஹலாலாகிவிடுமா? அச்சட்டையைப் புதிதென்று நம்பி அடுத்து உடுத்தப்போவது எவர் வீட்டுப் பிள்ளையோ!