பிறவிப் பிணியும் பிராரத்த வினையும்

பிச்சாவரத்துக் கழியிற் சுரபுன்னையின் வித்துத் தாய்மரத்திற் றொங்கும்பொழுதே முளைத்து, வேர்முனை நீண்ட பின்னரே உவர்ச்சேற்றில் வீழும். நிலத்தைத் தொடுமுன்னரே அதன் யாக்கை வகுக்கப்பட்டது. மக்கட் பிறப்பிலும் சில பிணிகள் அங்ஙனம் கருவிலேயே உடன்வருவன. மரபணுவில் ஓரிரண்டு எழுத்துப் பிழைபட்டமையால், வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கியும் கொல்லமாட்டாத குழந்தைகள் உளர். அவர்க்குச் சிறு புண்ணும் கூற்றாகும்.

இப்பிழையைத் திருத்தும் முறை இப்பொழுது தோன்றியுள்ளது. குருதியணுக்களையெல்லாம் பிறப்பிக்கும் மூலவுயிரணுக்களை உடலினின்றும் எடுத்து, அவற்றின் மரபணுவைச் செப்பனிட்டு மீளச் செலுத்துவர். மேற்கூறிய நோயுடைய இளைஞர் ஒருவர்க்கு, விடுபட்ட இரண்டெழுத்தை உரிய இடத்திற் சேர்த்து வெள்ளணுக்களை வலியுறச் செய்த செய்தி 2025-இல் மேனாட்டிலிருந்து வந்தது. இந்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார், குருதி உறையாப் பிறவிநோயினர் ஐவர்க்கு மூலவுயிரணுக்களில் வேண்டும் மரபணுவை ஏற்றிச் செலுத்தியதனையும், பின்னர் அவர்க்குக் குருதிப்பெருக்கு நிகழாமையையும் 2024-இல் வெளியிட்டனர். இது திருத்துதலன்று, சேர்த்தலே. எனினும் இனம் ஒன்று.

தனு கரண புவன போகங்கள் வினைக்கீடாக இறைவனால் தரப்படுவன வாகலின், பிணியுடை யாக்கையும் பிராரத்தத்தின் பயனே. அதனைத் திருத்தப் புகுதல் வினைப்பயனைத் தடுத்தலாகாதோ என்று ஐயுறுவார் உளர். அற்றன்று. என்னை? பிணி வருதல் வினைப்பயனாயின், மருந்து வாய்த்தலும் அதுவே. திருக்கொடிமாடச்செங்குன்றூரில் அடியார் சுரத்தால் வருந்தியபோது ஆளுடைய பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் அருளி அதனை நீக்கினார். பாச்சிலாச்சிராமத்தில் மழவன் மகளின் முயலகனையும் தீர்த்தார். வினையென்று வாளா இருந்தாரல்லர். வினையென்னுஞ் சொல் தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது. பிறன் குழந்தையின் துன்பத்தைப் பார்த்திருத்தற்கு அன்று. இதனை மறந்து பேசுவார் சைவருள்ளும் பலர்.

ஆயினும் கைபுனைவோர் சிற்றறிவினர். 1999-க்குப் பின் பாரிசிலும் இலண்டனிலும் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த 20 குழந்தைகளின் மூலவுயிரணுக்களில் மரபணுவைச் சேர்த்தனர். பெரும்பாலார் பிழைத்தனர், எனினும், சேர்த்த மரபணு தகாத இடத்திற் புகுந்தமையால் ஐவர்க்குக் குருதிப் புற்றுநோய் கண்டது, ஒரு குழந்தை மாண்டது. திருத்தும் முறை எழுந்தமைக்கு இவ்விடுக்கணும் ஒரு காரணம். விலையோ வேறோர் இடுக்கண். அரிவாளணு நோய்க்கென 2023-இல் ஒப்பப்பட்ட இவ்வகை மருந்து அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். கழியில் இறாற் பிடிப்பான் மகவுக்கு அஃது எட்டாமையையும் வினைமேல் ஏற்றுதல் எளிது, நேர்மையன்று.

இனி, கருவிலேயே திருத்தினால் என்னை என்பது எஞ்சிய வினா. 2018-இல் சீன நாட்டு ஹே ஜியான்குய் என்பார் அங்ஙனஞ் செய்து இரட்டைப் பெண்மகவு பிறப்பித்துச் சிறை புகுந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2019-ஆம் ஆண்டு நெறிமுறைகள் அதனை விலக்கின. மூலவுயிரணுவிற் செய்தது இசைந்தவன் யாக்கையோடு ஒழியும். கருவிற் செய்தது, இன்னும் தனு எடாத உயிர்கள் பலவற்றை அவை அறியாமலே பற்றும். பாரிசில் நேர்ந்தது போலும் பிழையொன்று அங்கே நிகழின் அதனை மீட்பார் இலர். ஆகலின் விலக்கு இன்று தக்கதே. ஆனால் அதன் சுமை பொய்யன்று. வேலூரில் நலம்பெற்றார்க்குத் திருந்தியது குருதிமட்டுமே; அவர் பெறும் பெண்மக்கள் அனைவரும் அக்குறையைத் தாங்கியே பிறப்பர்.