இடித்துரைப்பவர் யார்?

அமைச்சர் எவரும் தனித்து ஆள்வதில்லை. கையொப்பம் அவருடையது, அதற்குமுன் அவர் செவியில் விழும் சொல் பிறருடையது. அச்சொல்லுக்குரியவரைக் கட்சி எவ்வாறு தேர்கிறது என்பது ஆட்சியியல் வினா மட்டுமன்று, அறவினாவும் ஆகும்.

கொள்கைப் பற்றுடைய ஒருவர் அமைச்சரின் அருகிருப்பதே தவறு எனல் பொருந்தாது. மக்கள் வாக்களித்தது கட்சியின் கொள்கைக்கன்றோ? பிரிட்டனில் 1964இல் ஆட்சிக்கு வந்த வில்சன் அரசு வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்ததும் இக்கருத்தாலேயே. 'சிறப்பு ஆலோசகர்' எனப்படும் இவர்கள் கட்சி அலுவலகம், ஆய்வு நிறுவனம், பத்திரிகை முதலியவற்றிலிருந்து வருவர். அமைச்சர் தேர்வார், பிரதமர் இசைய வேண்டும். போட்டித் தேர்வு இல்லை; அரசியல் நடுநிலையும் கட்டாயமில்லை. எனினும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களுக்கு நடத்தை நெறி வகுக்கச் செய்தது. இவர்தம் எண்ணிக்கையையும் செலவையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கச் செய்தது. அமைச்சர் விலகினால் இவர்களும் விலகுவர். சார்பு உண்டு; மறைவு இல்லை.

நம் நாட்டிலும் மத்திய அமைச்சரின் தனிச்செயலர் போன்றோரின் பணி அமைச்சரின் பதவிக்காலத்தோடு பிணைந்தது. முந்தைய அமைச்சர்களிடம் பணிபுரிந்தோரைப் புதிய அமைச்சர்களின் தனிப் பணியாளராக நியமிக்கலாகாது என 2014இல் ஆணை பிறந்தது. அனுபவத்தினும் பழைய தொடர்பே பெரிதாக எடைபோடப்பட்டது. கேரளத்தில் கட்சித் தொண்டர்கள் அமைச்சர் அலுவலகங்களில் அமர்த்தப்படுவதையும், இரண்டாண்டுக்குச் சற்று மேற்பட்ட பணிக்கே ஓய்வூதியம் பெறுவதையும் 2022இல் ஆளுநர் ஆரிப் முகம்மது கான் வெளிப்படையாகக் கண்டித்தார். அவரை மறுத்தோரும் உளர். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது: தொண்டுக்குப் பரிசாகப் பதவி பெற்றவர், பரிசளித்தவரிடம் 'இது தவறு' என்று சொல்வாரா?

கோப்பில் மாறுபட்ட கருத்தெழுதும் எளிய எழுத்தருக்கு அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு காவலாக நிற்கிறது. பொதுவாக விசாரணையின்றி அவரை நீக்க முடியாது. அவர் எழுதியதும் கோப்பில் நிலைக்கும். ஆலோசகரின் சொல்லோ பெரும்பாலும் காற்றோடு போவது. அவர் பிழைப்போ அமைச்சரின் முகக்குறிப்பில் தொங்குவது. அஞ்சுபவரிடம் அறிவிருந்தும் பயன் என்ன?

'பெரியாரைத் துணைக்கோடல்' எனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், பிழை கண்டவிடத்துக் கடிந்துரைக்கும் துணையைத் தேடிக்கொள்ளுமாறு அரசனுக்கு அறிவுறுத்தினார். கடிந்துரைக்க வல்லவர் யார்? திரும்பிச் செல்லத் தமக்கெனத் தொழிலும் புலமையும் உடையவரே. கட்சிகள் அத்தகையோரைத் தேர்ந்து, அவர்தம் சொல்லையும் கோப்பில் ஏற்றட்டும். பற்றுடையவர் ஆலோசகராகலாம், அப்பதவியை இழக்க அஞ்சுபவர் ஆகலாகாது.