ஏற்றமும் வற்றமும்

நீர்

ஒல்யாவோவில் ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை நீர்தான் சொல்கிறது. போர்ச்சுகலின் தென்கரையில், அல்கார்வ் பகுதியில் இருக்கும் மீனவர் ஊர் இது. ஊருக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே ரியா ஃபோர்மோசா காயல் கிடக்கிறது. வெளியே மணல் தீவுகள் அலையைத் தாங்கிக்கொள்கின்றன; உள்ளே ஏற்றமும் வற்றமும்தான். நாளுக்கு இருமுறை நிரம்பி, இருமுறை வடிகிறது. மறுநாள் அதே நிலை வர ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகும்.

வற்றத்தில் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டியதும் மட்டி எடுப்பவர்கள் இறங்குகிறார்கள். குனிந்து, கத்தியால் சேற்றைக் கீறி, ஒவ்வொன்றாக வாளியில் போடுகிறார்கள். நாட்டில் விளையும் மட்டியில் பெரும்பங்கு இந்தக் காயலில் கிடைப்பது. நீர் திரும்பத் தொடங்கினால் நிமிர்ந்துவிட வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான். வேலை முடியும் நேரம் நம் கையில் இல்லாததில் ஒரு நிம்மதி உண்டு. கரையில் நின்று அவர்களைப் பார்த்துப் பார்த்து அது எனக்குள்ளும் இறங்கியது.

மீன்

கரையோரம் 1916இல் திறந்த இரண்டு செங்கல் சந்தைகள். ஒன்றில் மீன், மற்றதில் காய்கனி. மீன்கார அம்மா, "சுடவா, வேகவைக்கவா, பொரிக்கவா?" என்று கேட்ட பிறகுதான் கத்தியை எடுப்பார். நம் பதிலைப் பொறுத்து வெட்டு மாறும். குளிர்காலத்தில் சாளை கேட்டேன். "பொறு மகளே, ஜூன் வரட்டும்" என்றார். கோடையில் கொழுப்பு ஏறிய சாளையைக் கல்லுப்பு தூவி, குடல்கூட எடுக்காமல், அப்படியே கரியடுப்பில் வாட்டுகிறார்கள். அதன் நெய் சொட்டிய ரொட்டியைத் தின்றபோது, அவர் ஏன் பொறுக்கச் சொன்னார் என்பது நாக்குக்குப் புரிந்தது.

மட்டிக்கும் பொறுமை வேண்டும். உப்புநீரில் போட்டு இருட்டில் வைத்தால், ஓடு லேசாகத் திறந்து, இரண்டு சிறு குழாய்களை நீட்டி, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்பும். சில மணிநேரம் விட்டுவிட வேண்டும். பிறகு ஆலிவ் எண்ணெய், பூண்டு, ஓட்டோடு மட்டி. இறக்கும்போது கைநிறையக் கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. புல்யாவோ பாத்து என்ற 19ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயரால் வழங்கும் பண்டம். அந்தக் கொத்தமல்லி வாசனை எழும் மாலைகளில் அடுப்படி எனக்கு அந்நியமாக இருப்பதில்லை.

குளிர்

இங்குள்ள பழைய வீடுகள் கோடையை நினைத்துக் கட்டியவை. தடித்த சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு, மேலே நம் ஊரைப் போலவே மொட்டைமாடி. முன்பு அங்கே மீனும் அத்திப்பழமும் உலர்த்துவார்கள்; படகு திரும்புகிறதா என்று ஏறிப் பார்ப்பார்கள். ஜனவரியில் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படரும். வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். வெயில் வந்ததும் கிழவர்கள் கரைப் பெஞ்சுகளுக்கு வந்துவிடுகிறார்கள். நானும் போய் உட்காருகிறேன். காலை வணக்கம் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் பேச வேண்டிய கட்டாயமில்லை.

எண்

மருந்துக்கடையில், மின்சாமான் கடையில், எங்கும் பில் போடும்போது ஒன்பது இலக்க வரி எண்ணைக் கேட்பார்கள். தாளைப் பார்த்துப் படித்த காலம் போய், இப்போது போர்ச்சுகீசிய மொழியில் தானாகவே வாயில் வருகிறது. ஆனால் வரி எண் வேறு, குடியிருப்பு அட்டை வேறு. அல்கார்வ் உணவகங்களிலும் வடக்கே ஒடெமிராவின் பெர்ரிப் பசுங்குடில்களிலும் உழைக்கும் நேபாளிகள், வங்கதேசத்தவர், இந்தியர் பலர் அந்த அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நீருக்கு அட்டவணை இருக்கிறது, சாளைக்கு ஜூன் இருக்கிறது. அட்டைக்குத் தேதி இல்லை. அப்பாவின் சாவுக்குக்கூட ஊர் போய்த் திரும்ப முடியுமா என்று தெரியாமல் இருப்பதைப் பொறுமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு காத்திருப்புகள்

வற்றத்துக்காக, வெயிலுக்காக, ஜூனுக்காக இங்கே எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றதில்தான் இது என் ஊரானது. அட்டைக்குக் காத்திருப்பவரோ தனியாக நிற்கிறார். அந்த வரிசையை என்னால் குறைக்க முடியாது. ஆனால் புதிதாக வந்தவர் அலுவலகத்துக்குக் கிளம்பும் நாளில், படிவங்களை முதல்நாளே சேர்ந்து நிரப்பி, கூடவே போய் உட்கார முடியும். இந்த ஊர் எனக்குச் செய்ததும் அதுதான், அதனால் போகிறேன்.