வாழைப்பழமும் வெடிப்பலாவும்

வால்பாறை அருகே புதுத்தோட்டத்தில் காரை ஓரங்கட்டி, குரங்குக்கு வாழைப்பழம் நீட்டுபவரைக் காவலுக்கு நிற்பவர்கள் தடுக்கிறார்கள். அவர் முகம் சுருங்கிவிடுகிறது. பசித்த உயிருக்குக் கொடுப்பது புண்ணியம் என்று கேட்டே வளர்ந்தவர். குரங்கென்றால் அனுமார் என்று கையெடுப்பவர். அவரிடம் ‘கொடுக்காதீர்கள்’ என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

அவர் பழம் நீட்டியது சோலைமந்திக்கு. கரிய உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் குஞ்சம்; சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை விட்டால் இதற்கு உலகில் வேறு காடு இல்லை. மொத்தமே 4,000-க்கும் குறைவு. ஆறு வயது தாண்டித்தான் பெண் மந்தி முதல் குட்டி போடும். அடுத்ததற்கு இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். சாலையில் ஒரு தாய் அடிபட்டால் கூட்டம் அதிலிருந்து மீள வெகுகாலம் பிடிக்கிறது.

மந்தி மரத்தின் பிராணி. வெடிப்பலாவின் பூவும் விதையும், அத்திப்பழமும், பூச்சிகளும் அதன் சாப்பாடு. தேயிலைக்காக ஆனைமலைக் காட்டை வெட்டியபோது மிஞ்சிய துண்டுகளில் ஒன்றுதான் புதுத்தோட்டம். உச்சிக்கிளைகள் ஒன்றையொன்று தொடாத இடத்தில் மந்தி தரையில் இறங்கியது. பிறகு சமையலறைக்குள்ளும் நுழைந்தது.

பழம் நீட்டியவரின் இரக்கத்துக்குப் பின்னால் ஒரு மரபு உண்டு. 1867-இல் பசித்தவர்களுக்காக வடலூரில் அடுப்பு மூட்டிய வள்ளலாரின் ஜீவகாருண்யம் பசியிலிருந்து தொடங்குகிறது. பசி ஒரு வயிற்றுக்கு உரியது. இனத்துக்கு வயிறு கிடையாது. உயிர்களைப் புலன்களால் தரம் பிரித்த சமணமும் எண்ணியது தனித்தனி உயிர்களைத்தான். அமெரிக்கத் தத்துவவாதி டாம் ரீகனும் ஏறக்குறைய இதே பக்கம்: உரிமை தனி விலங்குக்கே, அருகிவரும் இனத்தில் பிறந்ததால் அதற்குக் கூடுதல் உரிமை இல்லை. இன்னொரு தத்துவவாதியான ஹோம்ஸ் ரோல்ஸ்டன் இதை மறுத்தார். ஓர் இனம் அழியும்போது இனிமேல் பிறப்பது என்பதே நின்றுபோகிறது. சாதாரணக் கொலையைவிட அது பெரிது என்றார்.

சோலைமந்தி வாழும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் இனத்தைக் காப்பது பற்றிய சண்டை ‘குரங்கா, மின்சாரமா’ என்று தெருவுக்கே வந்தது. குந்திப்புழை அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. மந்தியின் பெயரைச் சொல்லிக் காப்பாற்றியது காட்டை.

புதுத்தோட்டத்தில் இரண்டு கட்சிக்கும் பெரிய தகராறு இல்லை. பழத்துக்குப் பழகிய மந்தி சாலைக்கு வருகிறது, வண்டியில் அடிபடுகிறது. அந்தப் பழம் இனத்துக்கும் கெடுதல், தின்ற குரங்குக்கும் கெடுதல். உண்மையான சிக்கல் உயிரியல் பூங்காவில் இருக்கிறது. இனம் அற்றுப்போகாமலிருக்க மந்திகளைக் கூண்டில் வைத்துப் பெருக்கும்போது, பிறக்கப்போகும் குட்டிகளுக்காக இப்போது இருக்கும் மந்தி அடைபட்டிருக்கிறது. ரோல்ஸ்டனை ஏற்பவர்களும் இங்கே ரீகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். காடு மீண்டால்தான் அந்தப் பதிலுக்குக் கொஞ்சமாவது பெறுமானம்; இல்லையேல் கூண்டில் பிறந்ததைக் கொண்டுபோய் விட இடமே இருக்காது. வால்பாறையின் சிதைந்த காட்டுத் துண்டுகளில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். மந்தி ஏறும் அளவுக்கு அவை வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.