அழிக்காமல் விட்ட பாதி

“மெஷின்ல மாட்டாத தம்பி. மொதல்ல மோந்து பாரு” என்றார் அண்ணன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதிலிருந்து மடியிலேயே வைத்திருந்த அட்டைப்பெட்டியை அப்போதுதான் திறந்தேன். சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய ஸ்பூல் டேப்புகள் நான்கு. எல்லாம் ஏழு அங்குலச் சக்கரங்கள், உறைகளில் ஜாஸ் என்று அச்சிட்டிருந்தது. அண்ணன் வானொலியில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர். வெள்ளிமலையில் ஒரு சின்ன வீட்டில், ஸ்டீரியோ ஸ்பூல் மெஷின் ஒன்றை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். டேப்புகளின் பூர்வீகத்தை அவர் சொல்வார் என்றுதான் ஏறி வந்தேன்.

மோந்தேன். காடி வாடை.

அந்த வாடையே கிட்டத்தட்ட ஒரு தேதி. 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் காகித நாடாவில் காந்தத் தூளைப் பூசி ஒலிநாடாவுக்கு வழி காட்டினார். காகிதத்தின் இடத்துக்குப் பின்னால் அசிடேட் வந்தது, அதற்கும் பின்னால் பாலியஸ்டர். அசிடேட்டுக்கு வயதாகும்போது அசிட்டிக் அமிலம் கசியும். அண்ணன் சக்கரத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெளியே பனிமூட்டம். இருந்த கொஞ்ச வெளிச்சம் நாடாச் சுற்றுகளின் ஊடே தேன் நிறத்தில் தெரிந்தது. பாலியஸ்டர் என்றால் இருட்டடித்திருக்குமாம்.

“இது அறுந்தா பிளேடு வெச்ச மாதிரி அறும், ஒட்டிக்கலாம். பாலியஸ்டர் சுலபத்துல அறாது, இழுபடும். இழுபட்ட எடத்துல பாட்டு போச்சு.”

இன்னொரு சக்கரம் பிந்தைய சரக்கு. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்து இளகியிருக்கிறது. எழுபதுகளிலிருந்து வந்த பல டேப்புகளுக்கு இந்த நோய் உண்டு, மலைக்காற்று அதற்கு ஆகவே ஆகாது. ஏறக்குறைய 50 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வைத்தெடுத்தால் சில நாட்களுக்கு இறுகும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். (காடி வாடைக்காரனைச் சூட்டுக்குக் காட்டவே கூடாது.) அடுப்புக்கு மேலே விதையைக் கட்டித் தொங்கவிடுவதன் நினைவு வந்தது. ஆனால் விதை ஆண்டுதோறும் மண்ணுக்குப் போகிறது. டேப்பை வைத்திருந்தவர்களில் பலர் பத்திரம் என்று எண்ணி அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள்.

காடி வாடை அடித்த டேப்பையே கடைசியில் மாட்டினோம். உறையில் நான்கு ட்ராக் ஸ்டீரியோ என்றிருந்தது. ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாகக் கடைக்கு வருவதற்கு முன்பே, ஐம்பதுகளின் நடுவில், அமெரிக்காவில் ஸ்டீரியோ டேப்புகள் விற்பனைக்கு வந்துவிட்டன. நான்கு ட்ராக் முறை அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் அங்கே சந்தையைப் பிடித்தது. ஆக, இது அதற்குப் பிந்தையது. கடல் கடந்து இங்கே வந்தது எந்தப் பெட்டியில், யார் கையில் என்று உறை சொல்லவில்லை.

டேப் ஓடியது. இடப்பக்க ஸ்பீக்கரில் நாதஸ்வரம்! வலப்பக்கத்தில் டிரம்ஸும், அடியில் உறுமும் பாஸும்.

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். யாரோ ஒருவர் வெளிநாட்டு ஜாஸ் டேப்பை வெறும் நாடாவாக நினைத்து, ஊர்க் கச்சேரியை அதன்மேல் பதிந்திருக்கிறார். அண்ணன் சிரித்துக்கொண்டே விரலால் மேசையில் நான்கு கோடு போட்டுக் காட்டினார். கால் அங்குல அகல நாடாவில் நான்கு தடங்கள். ஒன்றும் மூன்றும் போகும்போது, இரண்டும் நான்கும் திருப்பிப் போடும்போது. பதிந்தவரிடம் இருந்தது அரை ட்ராக் மோனோ மெஷின். அதன் ஹெட் மேல்பாதியைத்தான் தொடும். அதனால் முதல் இரண்டு தடங்களும் அழிந்தன. டேப்பைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பதிந்திருந்தால் மீதியும் போயிருக்கும். அவர் திருப்பவில்லை. கச்சேரி முடிந்ததோ, கரண்ட் போனதோ!

அந்தக் காலத்து ஸ்டீரியோவில் வாத்தியங்களைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பது சகஜம். இடப்பக்கத்தில் இருந்த சாக்ஸபோன் போய்விட்டது, தாளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சென்னையில் ஒரு முறை இந்த இரண்டு உலகமும் விரும்பியே சந்தித்திருக்கின்றன. 1958இல் டேவ் புரூபெக் குழு இந்தியா வந்தபோது, அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, இடக்கை மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு வாசித்தார். இங்கே நடந்ததோ விபத்து. தவிலும் டிரம்ஸும் ஒன்றையொன்று கேட்காமல் ஓடின. எப்போதாவது ஓர் அடி சேர்ந்து விழுந்தது, உடனே பிரிந்தது.

ஒன்றின்மேல் ஒன்று பதிவது டேப்பில் மட்டும் இல்லை. இந்த மலையில் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு பூர்வீகக் கதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்து மலைகளில் குடியேறிய அண்ணன் தம்பி மூவரின் கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று அடுத்தடுத்த மலைகளிலும் அதைச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல மாறியும் இருக்கிறது. ஒவ்வொரு வாயும் முந்தைய வாயின் மேல்தான் பதிகிறது. பதிந்தவரின் கை எட்டாமல் போன இடத்தில்தான் பழையது மிஞ்சுகிறது. வானொலி நிலையங்களிலும் டேப்பின் விலைக்குப் பயந்து பழையதை அழித்துப் பதிந்தது உண்டு. அழித்தவர்களைத் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன், அண்ணனிடமும் திட்டினேன்.

“எது போச்சுன்னு வருத்தப்படற?” என்றார். “அந்த ஜாஸ் கம்பெனி அச்சடிச்ச சரக்கு. இதே டேப்பு ஒலகத்துல இன்னும் எத்தனை வீட்டுல இருக்கும். இந்த நாயனம் வேற எங்க இருக்கு?”

நான் பதில் சொல்லவில்லை. அரிதென்று காசு கொடுத்து வாங்கியது ஆயிரம் பிரதிகளில் ஒன்று. அதைக் கெடுத்தது என்று நான் கோபப்பட்ட ஒலிக்குத்தான் பூமியில் இந்த ஒரு நாடாவை விட்டால் வேறு இடம் இல்லை. வாசித்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஒருவர் சொந்த ஊர்ச் சத்தத்தை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார், கைக்குக் கிடைத்த நாடா அமெரிக்க நாடா. டேப்பின் பழுது என்று பெட்டியைத் திறந்ததிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருந்ததெல்லாம் அதன் வரலாறுதான்.

பிரதி எடுக்க மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். இந்த முறை இடப்பக்கத்தை மட்டும். சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும், அதனால் சில இடங்களில் ஒலி வருவதற்கு முன்பே அதன் நிழல் கேட்கும் என்று அண்ணன் எச்சரித்திருந்தார். ஸ்பீக்கரில் காதை வைத்திருந்தேன். இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லியதாக, ஓர் ஆண் குரல்: “ஓடுதா?”

மூன்று விநாடி இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“ஓடுதா?” என்று கேட்டார், இப்போது பக்கத்திலேயே நிற்பவரைப் போல. நாதஸ்வரம் தொடங்கியது.